தோள்பட்டை அடி: ஜிம்முக்கும் மைதானத்துக்கும் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். என் கிளினிக் இருக்கும் தெருவிலேயே மூன்று ஜிம்கள். ஊர் எல்லையில் ஒரு கபடி மைதானம், அதை ஒட்டி வாலிபால் கோர்ட். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கையால் மறு தோளைப் பிடித்தபடிதான் படியேறுவார்கள். கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான். நின்றபடியே அவசரமாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பது நேரில் காட்டுவதற்கு ஈடாகாது. எப்போது காட்ட வேண்டும் என்பதாவது இதில் தெரியும்.

"சார், வலி வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. இது வெறும் சுளுக்கா, இல்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கா?"

"ஜவ்வு" என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பல பொருள்களை அடக்கிவிடுகிறோம். எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநாரும் ஜவ்வு, தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் ஜவ்வு, மூட்டுக் கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் விளிம்பும் ஜவ்வு. இந்த மூன்றும் குணமாகும் விதம் வேறு வேறு. அதனால் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு, எவ்வளவு என்று கேளுங்கள்.

வீட்டில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, வலி ஒரே நொடியில் வந்ததா, நாள்பட ஏறியதா? இரண்டு, கையை நீங்களாகத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? மூன்று, முடியவில்லை என்றால், மறு கையால் தாங்கித் தூக்கினால் மேலே போகிறதா? தாங்கினால் போகிறது, தானாகப் போகவில்லை என்றால் தசைநாணில் அல்லது நரம்பில் பிரச்சினை இருக்கலாம். வலியே கையைத் தூக்க விடாமல் செய்வதும் உண்டு. எப்படித் தூக்கினாலும் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது என்றால் மூட்டே இறுகியிருக்கலாம். ஒரே நொடியில் வந்த வலி, அதோடு பலமும் போய்விட்டது என்றால் காத்திருக்காதீர்கள்.

"உடம்புல எத்தனையோ மூட்டு இருக்கு. தோள் மட்டும் ஏன் இப்படிப் படுத்துது?"

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. தோளில் கிண்ணம் தட்டையானது, பந்து பெரியது. கையை எந்த நிலையில் வைத்தாலும் பந்தின் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்தைத் தொடாது. பந்து வீச, தண்ணீர்க்குடம் தூக்க, முதுகு சொறிய எல்லாத் திசையிலும் கை சுழல வேண்டும் என்பதற்காக, உறுதியைக் கொடுத்து அசைவை வாங்கிய மூட்டு இது.

அந்தப் பந்தைக் கிண்ணத்தின் நடுவில் பிடித்து வைப்பது தோள் எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு சிறிய தசைகள். ரொட்டேட்டர் கஃப் என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இவற்றைத்தான். நான் சுழல் தசைகள் என்று சொல்கிறேன். கண்ணாடியில் தெரிவது மார்பும் மேல்தோளும் மட்டும். அதைத்தான் எல்லோரும் வளர்க்கிறார்கள். உள்ளே மறைந்திருக்கும் இந்த நான்கையும் அடிபட்ட பிறகுதான் நினைக்கிறார்கள்.

"எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

தோளின் உருண்டை வடிவம் மாறிச் சதுரமாகத் தெரிந்தால். கை மரத்துப்போனால், விரல்கள் குளிர்ந்து வெளிறினால். விழுந்த பிறகு கையை அசைக்கவே முடியாவிட்டால். காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கினால். இந்த நான்கில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அடிபடவே இல்லை, ஆனால் இடது தோளும் கையும் வலிக்கிறது, கூடவே நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் அது இதயமாக இருக்கலாம். "நேத்து ஷோல்டர் போட்டேன், அதான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கையை அசைத்தால் கூடாமல், படியேறினால் கூடும் வலி தோளுடையது அல்ல.

"ஐஸ் வைக்கணுமா, வெந்நீர் ஒத்தடமா?"

புதிதாகப் பட்ட அடிக்கு முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம். வலி மட்டுப்படும், அவ்வளவுதான் அதன் வேலை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற புகழ்பெற்ற சூத்திரத்தை 1978 இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014 இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நாள்பட்ட இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். இரண்டில் எதை வைப்பது என்பதைவிட, மூன்றாம் நாளிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

"அப்போ எத்தனை நாள் முழு ரெஸ்ட் எடுக்கணும்?"

எலும்பு முறிவோ மூட்டு விலகலோ பெரிய கிழிசலோ இல்லையென்றால், முழு ஓய்வு இரண்டு மூன்று நாள் போதும். என்னிடம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் இரண்டு மாதம் கையைத் தூக்காமலே இருந்துவிட்டு, வலி போனதும் நேராகப் பழைய எடையை எடுப்பார். அதே வாரம் வலி திரும்பும். இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள்கூட விடாமல் தூக்குவார். தசைநாண் சுமை பட்டால்தான் தடிக்கும். தாங்க முடியாத சுமை பட்டால் சிதையும். இவை இரண்டுக்கும் நடுவே உங்களுக்கான அளவைக் கண்டுபிடிப்பதுதான் சிகிச்சையே.

அந்த அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். பயிற்சியின்போது 3 வரை வந்தால் தொடரலாம். 4, 5 என்றால் எடையைக் குறையுங்கள். அதற்கு மேல் என்றால் நிறுத்துங்கள். அப்புறம் மறுநாள் காலையில் பாருங்கள். முந்தைய நாள் காலையைவிட வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். கீழே "வலிக் கணக்கு" என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

"ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியல. என்ன பண்றது?"

மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் மேல்கைக்கும் அடியில் ஒரு மடித்த போர்வை வையுங்கள். கை உடம்பைவிடத் தாழ்ந்து தொங்கும்போதுதான் இழுத்து வலிக்கும். ஒருக்களித்துத்தான் தூக்கம் வரும் என்றால் நல்ல பக்கம் படுத்து, மார்போடு ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு அடிபட்ட கையை அதன் மேல் போடுங்கள். சட்டை போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். சின்ன விஷயம், ஆனால் தினமும் இரண்டு தடவை படும் வேதனை குறையும்.

"கபடியில கை எறங்கிருச்சு. எங்க ஊர் பெரியவர் ஒருத்தர் இழுத்து உட்கார வச்சுட்டார். இப்போ வலியே இல்ல. அடுத்த வாரம் மேட்ச் ஆடலாமா?"

ஆடக்கூடாது, தம்பி. பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தபோது, பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் வரும், கிண்ணத்தின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே போய் உட்கார்ந்ததால் வலி போயிற்று. பிய்ந்த விளிம்பு ஒரு வாரத்தில் ஒட்டாது. இருபது வயதுக்குள் முதல் தடவை விலகியவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு மறுபடி விலகுகிறது. நாலாவது தடவை தூக்கத்தில் புரண்டு படுத்ததற்கே கை இறங்கிவிட்டது என்று வந்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் எலும்பு முறிவும் சேர்ந்திருந்தால் இழுப்பதே முறிவை விலக்கிவிடும். அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கலாம். மைதானத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே துண்டில் தொட்டில் கட்டி, அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போவது. அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வலிக்கு மருந்து கொடுத்து உட்கார வைப்பார்கள். வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டாலும் எக்ஸ்ரே எடுங்கள். மேல்தோளின் வெளிப்புறம், சட்டைக் கையில் பட்டை தைக்கும் இடம், தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மரத்திருந்தால் நரம்பு அடிபட்டிருக்கிறது.

பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் கையைத் தாங்கும் பையான ஆர்ம் பவுச், அதன் பின் படிப்படியாகப் பயிற்சி. கையை வெளிப்பக்கம் விரித்துப் பின்னால் கொண்டுபோகும் நிலையை, அதாவது பந்தெறிய ஓங்கும் நிலையை, முதல் 6 வாரம் தவிர்க்க வேண்டும். இளம் வயதில் மோதல் விளையாட்டு ஆடுகிறவர் என்றால் முதல் விலகலிலேயே எலும்பு மருத்துவரிடம் ஆபரேஷன் பற்றிப் பேசிவிடுவது நல்லது. நாற்பது தாண்டியவருக்கு மறுபடி விலகும் வாய்ப்பு குறைவு. ஆனால் சுழல் தசைநாண் கிழிந்திருக்கும் வாய்ப்பு கூடுதல், அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

"புத்தூர் கட்டு போடலாமா? சுளுக்கு எடுத்தா சரியாயிடும்னு பாட்டி சொல்றாங்க."

எண்ணெய் தேய்த்து மெதுவாக நீவுவது இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்து நிமிர்த்துவது, சொடக்கு எடுப்பது, 40 நாள் அசையாமல் இறுக்கிக் கட்டுவது வேண்டாம். தோள் இறுகிப்போவதற்கு அப்படி ஒரு கட்டே போதும். அந்த இறுக்கத்தை எடுக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகும், உங்களுக்கு அழுகையும் வரும். பாட்டியிடம் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினால் ஒத்துக்கொள்வார்கள். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"பெஞ்ச் பிரஸ் போடும்போது மட்டும் தோள் முன்பக்கம் வலிக்குது. மத்ததெல்லாம் ஓகே. பெஞ்சை விட்டுடணுமா?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக்கோலை மார்பு வரை இறக்கி மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ். விட வேண்டாம், மாற்ற வேண்டும். போன மாதம் ஒரு பையன் வந்தான். பெஞ்சில் வெறும் கோலைப் போடச் சொன்னேன். முழங்கை இரண்டும் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் விரிந்தன. கோல் கழுத்தெலும்பின் பக்கமாக இறங்கியது. தோள்பட்டை எலும்புகள் பெஞ்சை விட்டு முன்னால் உருண்டன. அந்த நிலையில் 70 கிலோவை வாரம் மூன்று நாள் இறக்கினால் எந்தத் தோளும் முனகும்.

முழங்கையை விலாவிலிருந்து 45 டிகிரி அளவில் வையுங்கள். பிடியைத் தோள் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குள் கொண்டுவாருங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து, கீழே இழுத்து, பெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். கோல் மார்பின் கீழ்ப்பகுதியைத் தொட வேண்டும். இவ்வளவு செய்தும் வலித்தால் நாலைந்து வாரம் தரையில் படுத்துப் போடும் ஃப்ளோர் பிரஸுக்கு மாறுங்கள். முழங்கை தரையில் முட்டிவிடுவதால் தோள் அதிகமாக இழுபடாது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் பிடித்தும் செய்யலாம். அதே காலத்தில் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், இரு கம்பிகளைப் பிடித்து உடம்பை இறக்கி ஏற்றும் ஆழமான டிப்ஸ், கோலைத் தாடை வரை இழுக்கும் அப்ரைட் ரோ மூன்றையும் ஒதுக்கி வையுங்கள்.

வாராந்தரக் கணக்கையும் பாருங்கள். திங்கள் மார்பு, வியாழன் மார்பு, நடுவில் ஷோல்டர் பிரஸ் என்று தள்ளும் செட் முப்பது, இழுக்கும் செட் எட்டு என்று இருக்கும் அட்டவணைகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. தள்ளுவதற்குக் குறையாமல் இழுக்கவும் வேண்டும். ஜிம் மாஸ்டரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

"எனக்கு முன்பக்கம் இல்ல அண்ணா, தோளுக்கு மேல அந்த எலும்பு முனையில விரல் வச்சாலே வலிக்குது."

அது கழுத்தெலும்பும் தோள்பட்டை எலும்பும் சந்திக்கும் ஏசி மூட்டு. கபடியில் தோள் தரையில் மோதி விழுந்தாலோ பைக்கிலிருந்து விழுந்தாலோ இங்கே நார் அறுந்து, எலும்பு முனை மேடாகத் தூக்கி நிற்கும். லேசான வகைகள் பவுச்சும் பயிற்சியுமாக ஆறேழு வாரத்தில் ஆறிவிடும். மேடு மட்டும் மிச்சமிருக்கலாம், அது வெறும் தோற்றம்தான். மிகவும் விலகியிருந்தால்தான் ஆபரேஷன் பேச்சு.

விழாமலே இங்கே வலி வந்தால், பல வருடம் பெஞ்சும் டிப்ஸும் போட்டவர்களுக்குக் கழுத்தெலும்பின் நுனி கரையும் ஒரு நிலை உண்டு. எடை தூக்குபவரின் தோள் என்றே அதற்குப் பெயர். கையை மார்புக்குக் குறுக்கே மறு தோள் பக்கம் இழுத்தால் குத்தும். எக்ஸ்ரேயிலேயே பெரும்பாலும் தெரியும். சுமையைக் குறைத்து, முன் பதிலில் சொன்ன மாற்றங்களைச் செய்தால் பலருக்கும் அடங்குகிறது.

"கையைச் சுத்தினா சொடக் சொடக்னு சத்தம் வருது. தேய்மானமா?"

வலியும் பலக்குறைவும் இல்லாத சத்தத்துக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு ஒரு சத்தத்துக்கு. பெஞ்சில் கோல் கீழே இறங்கும்போது "டப்" என்று ஒரு அறுபடும் உணர்வு, ஓரிரு நாளில் மார்பிலும் மேல்கையிலும் கருநீலம், அக்குளின் முன்மடிப்பு மறுபக்கத்தைப் போல இல்லாமல் மெலிந்து போவது. இது மார்புத் தசையின் நாண் எலும்பிலிருந்து பிய்ந்த அடையாளம். இதில் மட்டும் "பார்க்கலாம்" என்று உட்காராதீர்கள். முதல் சில வாரங்களில் தைத்தால் நன்றாக ஒட்டும். தள்ளிப்போடப் போட நாண் சுருங்கி உள்ளே போய், தைப்பதே கடினமாகும்.

"சரி, வீட்டுல என்ன எக்சர்சைஸ் செய்யணும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

விலகலும் பெரிய கிழிசலும் இல்லாத, சுமையால் வந்த வலிக்கு நான் கொடுக்கும் வரிசை இது. முதல் வாரம் அசைவில்லாத அழுத்தம். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரியில் மடக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். கை நகராது, தசை மட்டும் வேலை செய்யும். 30 நொடி, ஐந்து தடவை, பாதிப் பலத்தில். பலருக்கு இதிலேயே வலி ஒரு படி இறங்கும்.

அடுத்தது தண்ணீர் பாட்டில். நல்ல பக்கமாகப் படுத்து, மேலே இருக்கும் அடிபட்ட கையின் அக்குளில் மடித்த துண்டு வைத்து, முழங்கையை மடக்கி, அரை லிட்டர் பாட்டிலை வயிற்றுப் பக்கமிருந்து மெதுவாக மேலே சுழற்றுங்கள். இறக்கும்போது மூன்று எண்ணி இறக்குங்கள். அரைக் கிலோதானே என்று சிரித்தபடி ஆரம்பித்து, பன்னிரண்டாவது தடவையில் கை நடுங்கும் நூறு கிலோ பெஞ்ச்காரர்களைப் பார்த்திருக்கிறேன். சிறிய தசைக்குச் சிறிய எடை போதும். 12 தடவை, மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கும் ரோ, முகத்தை நோக்கி இழுக்கும் ஃபேஸ் புல், சுவரில் கைவைத்துத் தண்டால், அதன் முடிவில் முதுகை இன்னும் கொஞ்சம் தள்ளித் தோள்பட்டை எலும்பை விரிப்பது. பிறகு சுவரிலிருந்து மேஜைக்கு, மேஜையிலிருந்து தரைக்கு. தலைக்கு மேல் தூக்குவதைக் கடைசியில் சேருங்கள். எல்லாவற்றுக்கும் வலிக் கணக்கு பொருந்தும். தசைநாண் மெதுவாகத்தான் மாறும். 12 வாரம் கொடுக்காமல் "வேலைக்கு ஆகல" என்று முடிவு கட்டாதீர்கள்.

"எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல 'பகுதிக் கிழிசல்'னு போட்டிருக்கு. பார்த்ததுலேருந்து தூக்கமே இல்ல."

2011 இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் வலியே இல்லாத 40 முதல் 70 வயது வரையான 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. வயது ஏற ஏறத் தலை நரைப்பது போல, தோளுக்குள்ளும் நார் பிரியும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் கிழிசல்தான் இன்றைய வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கையை அசைத்துப் பார்த்து, பலத்தைச் சோதித்து, அதோடு படத்தைப் பொருத்த வேண்டும்.

எம்ஆர்ஐ தேவைப்படும் நேரம்: கை விலகிய பிறகு, விழுந்ததும் கை தூக்க முடியாமல் போன பிறகு, "டப்" சத்தத்துக்குப் பிறகு, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாறாதபோது. இதில் எதுவும் இல்லாமல் வலி வந்த முதல் வாரமே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

"டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடணும்கிறார். ஜிம்ல பசங்க போடுறாங்களே, அதுவா? உடம்பு ஏறுமா?"

இல்லை. ஜிம்மில் திருட்டுத்தனமாக விற்பது தசை வளர்க்கும் ஹார்மோன் வகை. தோளுக்குள் போடுவது கார்டிசோன் வகை, வீக்கத்தை அடக்கும் மருந்து. பெயரில் ஒற்றுமை, வேலையில் இல்லை. 2021 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, 700க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வில் இந்த ஊசி முதல் சில வாரங்களுக்குக் கொஞ்சம் உதவியது. ஒரு வருட முடிவில் போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமில்லை. வலியால் பயிற்சியே தொடங்க முடியாதவருக்கு ஒரு ஊசி வாசலைத் திறக்கும். வலி போய்விட்டதே என்று மறுவாரமே எடை தூக்கினால் நாண் பலவீனமாக இருக்கும் நேரத்தில் கிழியலாம்.

இரண்டு எச்சரிக்கை. சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். போட்டிகளில் ஆடுபவர்கள் கவனிக்க வேண்டியது, போட்டிக் காலத்தில் கார்டிசோன் வகை ஊசி எந்த வழியில் போட்டாலும் ஊக்கமருந்து விதிப்படி 2022 ஜனவரி முதல் தடை. முன்கூட்டியே மருத்துவரிடமும் விளையாட்டுச் சங்கத்திடமும் சொல்லி, அனுமதிக்கான தாள்களைச் சரிசெய்யுங்கள்.

"வலி மாத்திரை போட்டுட்டு ஒர்க்அவுட் பண்ணலாமா?"

கூடாது. மேலே சொன்ன வலிக் கணக்குக்கு வலி தெரிய வேண்டும். தவிர, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

"ஆபரேஷன் இல்லாம சரியாகுமா?"

விலகல், பிய்ந்த மார்பு நாண், அடிபட்டு முழுதாகக் கிழிந்த சுழல் தசைநாண் போன்றவற்றை விட்டுவிட்டால், பெரும்பாலானவை கத்தி இல்லாமலே சரியாகின்றன. "இடம் குறுகி நாண் உரசுகிறது, எலும்பைச் செதுக்கலாம்" என்ற ஆபரேஷன் பல வருடங்கள் வழக்கத்தில் இருந்தது. 2018 இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு, செதுக்கியவர்களையும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்ததோடு, செதுக்காமலே முடிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. பலனில் வேறுபாடு இல்லை. அதனால் அந்த ஆலோசனை வந்தால், ஒழுங்கான பயிற்சி மூன்று மாதம் முடிந்ததா என்று உங்களையே கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு, பிசியோதெரபி பிரிவுகள் இரண்டும் உண்டு. காசு இல்லையே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

"நான் வாலிபால் ஆடுறேன். வலி இல்ல. ஆனா ஸ்பைக்ல முன்ன மாதிரி வேகம் இல்ல. ஏன்?"

இப்படிக் கேட்டு வந்த கல்லூரி மாணவனைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னேன். வலது தோள்பட்டை எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்தால் குழிக்குள் இறங்கியது. இடப்பக்கம் அதே இடம் மேடாக இருந்தது. தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் விளையாட்டுக்காரர்களுக்கு, சுழல் தசை ஒன்றுக்குப் போகும் நரம்பு எலும்பின் ஓரத்தில் இழுபட்டு, அந்தத் தசை வலியே இல்லாமல் மெலியும். அவனுடைய அம்மா ஆறு மாதம் முன்பே "முதுகுல பள்ளமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. இதற்கு நரம்புச் சோதனையும் எம்ஆர்ஐயும் தேவை. நரம்பை ஒரு நீர்க்கட்டி அழுத்திக்கொண்டிருந்தால் அதை எடுக்க வேண்டிவரும். மாதம் ஒருமுறை யாரையாவது உங்கள் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"எனக்கு 47 வயசு, சுகர் இருக்கு. ஜிம்ல சேர்ந்து ரெண்டு மாசத்துல தோள் பிடிச்சுக்கிச்சு. பின்னால கை போகல."

எடையால் வந்தது என்று நினைத்து வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது தோள் இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர். முதல் பதிலில் சொன்ன சோதனை நினைவிருக்கிறதா? மறு கையால் தூக்கினாலும் முட்டி நிற்கும். முழங்கையை விலாவில் ஒட்டிக் கையை வெளிப்பக்கம் திருப்பினால் இன்னும் மோசமாக நிற்கும். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், சுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. இதற்கு வேறு பாதை: சர்க்கரைக் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் தொடக்கத்திலேயே ஊசி, தினமும் வலி தாங்கும் அளவு நீட்டல். ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். ஜிம்மை விட வேண்டாம், கால் பயிற்சியும் நடையும் தொடருங்கள். சர்க்கரைக்கும் அது நல்லது.

"கர்லாக்கட்டை சுத்தினா தோள் சரியாகும்னு சொல்றாங்களே?"

தேறிய தோளுக்குக் கர்லாக்கட்டை அருமையான பயிற்சி. தோள்பட்டை எலும்பு, சுழல் தசை, மணிக்கட்டு எல்லாம் ஒரே ஓட்டத்தில் வேலை செய்கின்றன. ஆனால் விலகிய தோளுக்கு, கட்டை தலைக்குப் பின்னால் போகும் சுற்று அதே ஆபத்தான நிலை. தலைக்கு மேல் வலியில்லாமல் கை தூக்க முடிந்த பிறகு, ஒரு கிலோவுக்குள் இருக்கும் சின்னக் கட்டையில், தெரிந்த ஆசானிடம் தொடங்குங்கள்.

"திரும்ப எப்போ பழைய மாதிரி ஆடலாம், தூக்கலாம்?"

தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கை எல்லாத் திசையிலும் மறு கைக்குச் சமமாகப் போக வேண்டும். முழங்கையை மடக்கிக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பலம் மறு கையில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். அடிபட்ட நிலையில் கையை வைத்தால் பயம் வரக்கூடாது. இந்தப் பயத்தை லேசாக எண்ணாதீர்கள். "மறுபடி எறங்கிடுமோ" என்று உடம்பு தயங்கினால் அந்தத் தயக்கமே அடிக்குக் காரணமாகும். எடை தூக்குபவர் என்றால் பழைய எடையில் பாதியில் தொடங்கி, வாரத்துக்கு 2.5 அல்லது 5 கிலோ மட்டும் ஏற்றுங்கள். 80 கிலோ போட்டவர் 40 இல் ஆரம்பித்தால் இரண்டிலிருந்து நான்கு மாதத்தில் பழைய இடம்.

கிரிக்கெட் வீரர் ஷ்ரேயாஸ் ஐயர் 2021 மார்ச் 23 அன்று புனேயில் ஃபீல்டிங்கில் பாய்ந்து விழுந்து தோள் விலகி, ஏப்ரலில் ஆபரேஷன் செய்துகொண்டு, செப்டம்பரில்தான் ஐபிஎல் ஆடினார். முழுநேர மருத்துவக் குழுவோடு இருந்தவருக்கே ஐந்து மாதத்துக்கு மேல். பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு கதை எனக்கு இன்னும் பிடித்தது. தோள்களின் பலம் சமமில்லாமல் இருந்ததைச் சரிசெய்ய 2020 இல் அமெரிக்கா போய்ப் பயிற்சி எடுத்தார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை. மூன்று மாதம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் மொத்தம் 202 கிலோவோடு வெள்ளி. உலகின் முன்னணி வீராங்கனையே பலவீனமான பக்கத்துக்கு நேரம் ஒதுக்கினார். நாமும் ஒதுக்கலாம்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். ஆறு மாசம் ஆச்சு. போகும், திரும்பி வரும். இப்போ என்ன?"

முதலில் கழுத்தைப் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் வலி கைக்கு ஓடுகிறதா, விரல் மரக்கிறதா? தோளில் தெரியும் வலி கழுத்து நரம்பிலிருந்து வருவதுண்டு. அது இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள்: என்ன தூக்கினீர்கள், எத்தனை செட், மறுநாள் காலை வலி எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். ஜிம் மட்டும் போதாது. ஒரு லாரி ஷெட் தொழிலாளி பயிற்சியை அச்சுப்பிசகாமல் செய்தும் தேறவில்லை. நோட்டைப் பார்த்தபோது, தினமும் தலைக்கு மேல் கைதூக்கி நாலு மணி நேரம் போல்ட் முடுக்குவது தெரிந்தது. அந்தச் சுமை எங்கள் கணக்கிலேயே இல்லை. ஒரு முக்காலி போட்டு ஏறி நின்று, தோள் உயரத்தில் வேலை செய்யச் சொன்னேன். பயிற்சியில் எதையும் மாற்றவில்லை. ஐந்தாவது வாரம் வலி 2க்கு இறங்கியது.

நோட்டோடு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.